நான்கு கீற்றுகள், பதினாறு மடிப்புகள்: ஒரு சர்ரியலிசக் கவிதையின் கையெழுத்துப் படியைச் செப்பனிட்ட குறிப்பு

பழைய தாள்களைப் பழுதுபார்க்கும் என் தொழிலில் மடிப்பு என்பது பெரும்பாலும் நீக்கப்பட வேண்டிய குறை. மடிந்த இடத்தில் நார்கள் முறிகின்றன, தூசு அந்த வரியில் போய்த் தங்குகிறது, சில பத்தாண்டுகளில் தாள் அங்கேயே இரண்டாகப் பிரிந்துவிடுகிறது. ஆகவே தாளுக்கு மெல்ல ஈரப்பதம் ஊட்டி, ஒற்றுத்தாள்களுக்கு நடுவில் வைத்து, பாரம் ஏற்றித் தட்டையாக்குவதுதான் நாங்கள் கற்கும் முதல் பாடம். பாரிஸ் புறநகரில் நான் வேலை செய்யும் சிறிய பட்டறைக்குச் சென்ற பிப்ரவரியில் வந்த நான்கு தாள்கீற்றுகளின் விஷயத்தில் அந்தப் பாடத்தை ஒதுக்கிவைக்க வேண்டியதாயிற்று. ஏன் ஒதுக்கினேன், அதற்குப் பதிலாக என்ன செய்தேன், எங்கே தவறினேன் என்பதை இங்கே பதிந்துவைக்கிறேன்.

கீற்றுகளைக் கொண்டுவந்தவர் எழுபது வயதைக் கடந்த ஓர் அம்மையார். 1930-களில் ஆசிரியப் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்த தம் பாட்டியும் மூன்று தோழிகளும் ஒரு மாலையில் சேர்ந்து எழுதிய கவிதை இது என்றும், பாட்டியின் சமையல் குறிப்பேட்டுக்குள் இருந்து கிடைத்தது என்றும் சொன்னார். சட்டமிட்டுச் சுவரில் மாட்ட வேண்டும், மடிப்புகள் தெரியக்கூடாது, பின்னால் இருக்கும் மஞ்சள் கறை போகவேண்டும் என்பவை அவர் கேட்டவை. முதல் நாள் மூன்றுக்கும் நானும் தலையாட்டினேன்.

ஒவ்வொரு கீற்றும் ஏறத்தாழ 8.5 சென்டிமீட்டர் அகலமும் 22 சென்டிமீட்டர் நீளமும் கொண்டது. குறுக்கே நான்கு மடிப்புகள், அவற்றால் ஐந்து கட்டங்கள், கட்டத்துக்கு ஒரு சொல், அல்லது பெயர்ச்சொல்லோடு அதன் முன்னால் வரும் 'லெ', 'லா' போன்ற சிறுசொல். தாள் பிரெஞ்சுப் பள்ளிப் பிள்ளைகள் இன்றும் எழுதும் செயேஸ் கோடிட்ட தாள். 1892-இல் பொந்துவாஸ் நகரத்துப் புத்தக வணிகர் ழான்-அலெக்சாந்த்ர் செயேஸ் பதிவுசெய்த அந்தக் கோட்டமைப்பில் 8 மில்லிமீட்டர் கட்டங்களும் அவற்றுக்குள் 2 மில்லிமீட்டர் இடைவெளியில் மெல்லிய கிடைக்கோடுகளும் இருக்கும். முதல் கீற்றிலும் மூன்றாம் கீற்றிலும் இடப்பக்கம் சிவப்பு ஓரக்கோடு இருந்தது. இரண்டாம் கீற்றின் வல விளிம்பிலும் மூன்றாம் கீற்றின் இட விளிம்பிலும் பாதிப் பாதியாகக் கம்பித் துளைகளும் துருவும் இருந்தன. இரண்டையும் ஒட்டிவைத்துப் பார்த்தபோது துருக்கறை ஒரே வட்டமாகக் கூடியது. அதாவது ஒரு குறிப்பேட்டின் நடுத்தாளைப் பிரித்தெடுத்து, மடிப்போடு ஒரு வெட்டும் பக்கத்துக்கு ஒரு வெட்டுமாக நான்காக்கியிருக்கிறார்கள்.

இதை எதற்காக அப்படிச் செய்தார்கள் என்பது விளையாட்டைத் தெரிந்தவர்களுக்கு உடனே விளங்கும். 1925-ஆம் ஆண்டளவில் பாரிஸின் மோன்பர்னாஸ் பகுதியில், 54, ரூ து ஷாத்தோ என்ற முகவரியில், மார்செல் துயமேல், ழாக் பிரெவெர், இவ் தாங்கி ஆகியோர் குடியிருந்த வீட்டில் சர்ரியலிஸ்டுகள், அதாவது கனவையும் ஆழ்மனத்தையும் படைப்பின் ஊற்றாகக் கொண்ட கலை இயக்கத்தினர், ஆடத் தொடங்கிய ஆட்டம் அது. ஒருவர் ஒரு பெயர்ச்சொல்லை எழுதி, மற்றவர் பார்க்காதபடி தாளை மடித்து அடுத்தவரிடம் தருவார். அவர் பெயரடை எழுதி மடிப்பார், அதற்கடுத்தவர் வினை, பிறகு மீண்டும் பெயரும் பெயரடையும். இவ்வாறு கிடைத்த முதல் வாக்கியமே ஆட்டத்துக்குப் பெயராகிவிட்டது: நேர்த்தியான பிணம் புது மதுவை அருந்தும். பிரெஞ்சில் 'கடாவ்ர் எக்ஸ்கி'. 1927 அக்டோபரில் வந்த 'லா ரெவொலூசியோன் சுர்ரெயலிஸ்த்' இதழின் 9-10 எண்ணிட்ட இரட்டை வெளியீட்டில் இந்த ஆட்டத்தின் வாக்கியங்கள் அச்சேறின. 1938-இல் அந்த இயக்கத்தின் கவிஞர்களான ஆந்த்ரே பிரெத்தோனும் போல் எலுவாரும் தொகுத்த சர்ரியலிசச் சுருக்க அகராதி இதை மடித்த தாளின் ஆட்டம் என்றே வரையறுக்கிறது: பலர் சேர்ந்து ஒரு வாக்கியத்தையோ சித்திரத்தையோ ஆக்குவது, ஆனால் முன்னவர் செய்ததை எவரும் கணக்கில் கொள்ள முடியாதபடி ஆக்குவது. அந்த வரையறையில் கவிஞரைவிட மடிப்புக்கே முதலிடம் இருக்கிறது. அதை மறுபடி எடுத்துப் படித்த இரவில்தான் அம்மையாரிடம் தலையாட்டியது தவறு என்று உணர்ந்தேன்.

மறுநாள் காலையில் வேலையைத் தொடங்காமல், அளக்க மட்டும் செய்தேன். முதல் கீற்றின் கட்டங்கள் மேலிருந்து கீழாக 42, 43, 44, 45, 46 மில்லிமீட்டர். மற்ற மூன்றிலும் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் முன்பின்னாக இதே ஏறுமுகம். விசிறிபோல் முன்னும் பின்னுமாக மடித்திருந்தால் கட்டங்கள் ஒரே அளவாகவே இருந்திருக்கும். ஒவ்வொரு தடவையும் பின்பக்கமாகவே சுருட்டி மடித்தால், உள்ளே சேரும் தாளின் தடிமனுக்கு இடம் கொடுத்துக் கட்டம் சிறிது சிறிதாக நீளும். ஆகவே இவை சுருள் மடிப்புகள்.

எழுத்து நான்கு பேருடையது. முதற்கை தொட்டெழுதும் பேனாவால் ஊதா மை கொண்டு எழுதியது. இரண்டாம் கை கரு நீல மை ஊற்றிய ஊற்றுப்பேனா. மூன்றாம் கையும் ஊதா மைதான், ஆனால் எழுத்து நெருக்கமாகவும் சாய்வாகவும் இருக்கிறது. நான்காம் கை பென்சில். முதல் கீற்றை முதற்கை தொடங்கியிருக்கிறது, இரண்டாவதை இரண்டாம் கை, இப்படியே. நால்வருக்கு ஐந்து கட்டங்கள் என்பதால் தொடங்கியவர் கைக்கே கீற்று திரும்பிவந்து ஐந்தாவது சொல்லைப் பெற்றிருக்கிறது. நான்கு கீற்றுகளிலும் முதல் கட்டத்தின் கையும் கடைசிக் கட்டத்தின் கையும் ஒன்றே. தாங்கள் போட்ட முதற்சொல்லை நினைவில் வைத்துக்கொண்டே, இடையில் என்ன சேர்ந்தது என்று தெரியாமலே, அவர்கள் கடைசிச் சொல்லைப் போட்டிருக்கிறார்கள். கவிதையை அச்சில் படிப்பவருக்கு இந்தச் செய்தி கிடைக்காது.

இனி மைச் சோதனை. பிரெஞ்சுப் பள்ளிகளில் ஒரு காலத்தில் எல்லா மேசைகளிலும் இருந்த அந்த ஊதா மை அனிலின் என்னும் செயற்கைச் சாயத்தால் ஆனது. பார்க்க அழகு, பழுதுபார்ப்பவருக்குப் பெருந்தொல்லை. ஊசிமுனையளவு நீரை ஓர் எழுத்தின் ஓரத்தில் வைத்து உருப்பெருக்கியில் பார்த்தேன். ஒற்றியெடுத்த தாளில் ஊதா இறங்கியிருந்தது. எத்தனாலில் இன்னும் வேகமாக இறங்கியது, அசிட்டோனிலும் அப்படியே. கரு நீல மை நீருக்கு ஓரளவு தாங்கியது. பென்சில் எதற்கும் அசையவில்லை. இதன் பொருள் தெளிவு: கழுவல் இல்லை, ஈரப்பெட்டியில் வைத்து நெகிழ்விப்பதும் இல்லை, கறைநீக்கும் கரைப்பான்களில் பெரும்பாலானவையும் இல்லை. தட்டையாக்க நான் விரும்பியிருந்தாலும் இந்த மை அதற்கு இடம் கொடுத்திருக்காது.

பின்பக்கம் முழுவதும் செலோ டேப். முறிந்த மடிப்புகளின் மேல் ஒவ்வொன்றாகவும், நான்கு கீற்றுகளைப் பக்கம் பக்கமாகச் சேர்க்க நீளவாக்கிலும், யாரோ அன்போடு ஒட்டியிருக்கிறார்கள். மேல்படலம் காய்ந்து பழுப்பேறிச் சில இடங்களில் தானே கழன்றிருந்தது, பசை தாளுக்குள் இறங்கியிருந்தது. இளஞ்சூடான தட்டைக் கரண்டியைப் படலத்தின் அடியில் மெல்லச் செலுத்தி, ஒரு தடவைக்கு ஒரு சென்டிமீட்டர் அளவே நகர்ந்தேன். சூடு கூடினால் பசை இன்னும் ஆழமாக இறங்கும், குறைந்தால் படலம் தாளின் மேல்தோலையும் உரித்துக்கொண்டு வரும். மேலே தங்கிய பிசுபிசுப்பைக் கிரேப் ரப்பர் கட்டியால் ஒற்றி ஒற்றி உருட்டி எடுத்தேன், தேய்க்கவில்லை. படலம் நீக்கவும் பசை எடுக்கவும் ஐந்து வேலைநாட்கள் சென்றன. தாளுக்குள் ஊறிவிட்ட மஞ்சளை அப்படியே விட்டேன். அதை எடுக்கக்கூடிய கரைப்பான் ஊதாவையும் எடுத்துவிடும்.

டேப்புக்கு அடியில்தான் இந்த வேலையின் மையமான செய்தி இருந்தது. முதல் கீற்றின் மூன்றாம் கட்டத்துப் பின்புறத்தில் மங்கிய ஊதாத் தடங்கள் தெரிந்தன. நிலைக்குறிப்பேட்டில் அவற்றை 'மைக்கறை' என்றே முதலில் எழுதியிருந்தேன். விளக்கைச் சாய்த்துவைத்து, கண்ணாடி ஒன்றை எதிரே பிடித்துப் பார்த்தபோது அவை எழுத்துகள் என்று தெரிந்தது. முதல் கட்டத்தில் இருப்பது 'சன்னல்' என்னும் சொல். பிரெஞ்சில் 'ஃபெனெத்ர்'. அதன் கடைசி மூன்றெழுத்துகளும், நடுவில் ஓர் எழுத்தின் தலைமேல் இடும் கூரை போன்ற குறியும், தலைகீழாகாமல், இடவலம் மட்டும் மாறி அங்கே பதிந்திருந்தன. பேனா அழுந்தி மை தேங்கிய இடங்கள் மட்டுமே பதிந்திருந்தன. மெல்லிய கோடுகள் பதியவில்லை.

ஒரு வெற்றுத்தாளை எடுத்து அதே அளவுகளில் மடித்துப் பார்த்தேன். முதல் கட்டத்தைப் பின்னால் மடித்தால் அதன் எழுத்து வெளிப்புறம் பார்த்து நிற்கிறது, எதையும் தொடுவதில்லை. இரண்டாம் கட்டத்தையும் எழுதிப் பின்னால் மடிக்கும்போதுதான் முதல் கட்டத்தின் முகம் மூன்றாம் கட்டத்தின் முதுகில் படுகிறது. ஆக, முதலாமவர் 'சன்னல்' என்று எழுதி மடித்துத் தந்தபின், இரண்டாமவர் தம் சொல்லை எழுதி மடித்து முடித்தபோதும் அந்த முதல் மை முழுதும் உலரவில்லை. இரண்டாமவர் யோசிக்கவில்லை, தாள் கைக்கு வந்தவுடன் எழுதியிருக்கிறார். பின்னாளில் ஈரக்காற்றால் மை நகர்ந்திருக்கலாமே என்ற ஐயம் எனக்கும் வந்தது. அப்படியானால் எல்லா ஊதாச் சொற்களும், மெல்லிய கோடுகளும் சேர்ந்து, படர்ந்த விளிம்போடு பதிந்திருக்க வேண்டும். இங்கே தேங்கிய துளிகள் மட்டும், கூர்மையான விளிம்போடு பதிந்திருக்கின்றன. மூன்றாம் கீற்றிலும் முதல் கட்டத்துச் சொல்லின் தடம் மூன்றாம் கட்டத்து முதுகில் இதே முறையில் கிடைத்தது.

மனம் குறுக்கிடும் முன் கை எழுத வேண்டும் என்று 1924-இன் சர்ரியலிச அறிக்கையில் பிரெத்தோன் வேகத்தை வற்புறுத்தியதைப் படித்திருக்கிறேன். அந்த வேகத்தின் தடம் ஒரு தாளின் முதுகில் இப்படி நிற்கும் என்று எதிர்பார்க்கவில்லை. 'மைக்கறை' என்று எழுதியதை அடித்துவிட்டு 'ஈர மையின் படிவு, நீக்கலாகாது' என்று எழுதினேன்.

முன்பக்கத்துத் தூசு நீக்குவதில் இன்னொன்று நிகழ்ந்தது. அழிப்பான் தூளைத் தாளின் மேல் தூவி விரல்நுனியால் மெல்ல உருட்டுவது வழக்கமான முறை. முதல் கீற்றின் முதல் கட்டத்தை முடித்து இரண்டாம் கட்டத்துக்கு வந்தபோது, சாய்ந்து விழுந்த ஒளியில் ஒரு சிறு பளபளப்பைக் கண்டு கையை நிறுத்தினேன். அங்கே கரு நீல மையில் 'உப்புக் கரிக்கும்' என்று பொருள்படும் 'சலே' என்ற சொல் இருக்கிறது. அதன் இறுதியில், மிக மெல்லிய பென்சிலில், ஓர் 'எ' கூடுதலாகச் சேர்க்கப்பட்டிருந்தது.

பிரெஞ்சில் பெயரடை தான் தழுவும் பெயரின் பாலை ஏற்கவேண்டும். சன்னல் பெண்பால். இரண்டாமவர் மடிப்புக்குப் பின்னால் என்ன சொல் இருக்கிறது என்று அறியாததால் ஆண்பால் வடிவையே எழுதினார். கீற்றை விரித்துப் படித்தபின் ஒருவர் பென்சிலை எடுத்துப் பெண்பால் 'எ'-யைச் சேர்த்திருக்கிறார். நாளைய ஆசிரியைகள் அல்லவா! அந்த 'எ'-யின் சுழிப்பு நான்காம் கையின் பென்சில் எழுத்தை ஒத்திருக்கிறது, ஆனாலும் ஒற்றை எழுத்தை வைத்துக்கொண்டு ஆளைத் தீர்மானிப்பது முறையல்ல. எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு. 'சலே' என்பதில் அந்த 'எ' சேர்ந்தாலும் சேராவிட்டாலும் உச்சரிப்பு ஒன்றுதான். கவிதையை வாய்விட்டுப் படித்தால் அந்த எழுத்து கேட்காது, அது இந்தத் தாளில் மட்டுமே உண்டு. மேலும் பத்து நொடிகள் அழிப்பான் தூளை உருட்டியிருந்தால் அங்கும் இல்லாமல் போயிருக்கும். எழுத்துள்ள கட்டங்கள் அனைத்திலும் அதன்பிறகு மென்மயிர்த் தூரிகை மட்டுமே பயன்படுத்தினேன்.

அந்தக் கீற்றின் வாக்கியத்தை அம்மையாரின் இசைவோடு இங்கே தருகிறேன்: உப்புக் கரிக்கும் சன்னல் ஊமைப் படிக்கட்டைக் கைப்பிடிக்கிறது. மூலத்தில் உள்ள வினைக்குத் திருமணம் செய்தல் என்றும், ஒன்றின் வடிவத்தோடு பொருந்திப் படிதல் என்றும் இரு பொருளுண்டு. படிக்கட்டுக்குக் கைப்பிடி இருப்பதால் தமிழிலும் ஓர் இரட்டைப் பொருள் தானே வந்து அமைந்தது. நம் மொழியில் இந்த ஆட்டத்தை ஆடினால் பெயரடையில் பால் தெரியாது, சிக்கல் வினைமுற்றில்தான் வரும். எழுவாய் அவளா அதுவா என்று அறியாத ஒருவர் 'கைப்பிடிக்கிறாள்' என்று முடித்துவிடுவார். நம் கீற்றில் பென்சில் திருத்தம் அந்த இடத்தில் விழும்.

மடிப்புகளைச் சேர்க்கும் வேலைக்கு வருகிறேன். பதினாறில் ஒன்பது முழுதாக முறிந்தவை, ஐந்து ஓரங்களில் கிழிந்தவை, இரண்டு மட்டுமே திடமாக இருந்தன. சதுர மீட்டருக்கு 5 கிராம் எடையுள்ள ஜப்பானிய கோசோ நார்த்தாளைத் தேர்ந்தேன். சலித்த கோதுமை மாப்பசையையும் மெதில் செல்லுலோஸ் என்னும் பசைப்பொருளையும் கலந்து, பாலியெஸ்டர் படலத்தின் மேல் பரப்பிய நார்த்தாளில் பூசி உலரவிட்டேன். உலர்ந்தபின் நான்கு மில்லிமீட்டர் அகல நாடாக்களாக, நார் ஓட்டம் மடிப்புக்குக் குறுக்கே வரும்படி வெட்டினேன். ஒட்டும் நேரத்தில் நாடாவை ஈரமான ஒற்றுத்தாளின் மேல் சில நொடிகள் கிடத்தினால் பசை விழித்துக்கொள்ளும். பழுதாகும் தாளுக்கு நேரடியாக நீர் கொடுக்க வேண்டியதில்லை.

முறிந்த துண்டுகளைச் சேர்த்துவைக்க செயேஸ் கோடுகளே துணைசெய்தன. நெடுங்கோடுகள் முறிவின் இருபுறமும் ஒன்றையொன்று தொடும்வரை துண்டை நகர்த்தினால் அரை மில்லிமீட்டர் பிசகும் தெரிந்துவிடும். நாடாவைப் பின்பக்கத்தில், மடிப்புக்கு இருபுறமும் இரண்டு மில்லிமீட்டர் படியுமாறு வைத்தேன். கீற்று பின்பக்கமாக மடிந்தது, ஆகவே பின்பக்கம் மடிப்பின் உட்புறம். அங்கே ஒட்டும் நார்த்தாள் இழுபடாது. எழுத்துகளும் ஊதாத் தடங்களும் கட்டங்களின் நடுவில் இருப்பதால் நாடா எதையும் தொடவில்லை. நெய்யாத பாலியெஸ்டர் துணி, ஒற்றுத்தாள், சிறு பாரம் என்று அடுக்கி இருபது நிமிடம் வைத்தேன். பாரத்தை முழுக் கீற்றின் மேலும் ஏற்றாமல் நாடாவின் மேல் மட்டும் ஏற்றினேன், மடிப்பின் மெல்லிய மேடு தட்டையாகாமல் இருக்க வேண்டும் என்பதற்காக.

நான்காம் கீற்றின் இரண்டாம் மடிப்பில் தவறு செய்தேன். மாலை நேரம், அன்றைய கடைசி நாடா. ஒற்றுத்தாளில் ஈரம் கூடியிருந்ததைக் கவனிக்கவில்லை. பாரத்தை எடுத்தபோது இரண்டு கிடைக்கோடுகளின் நீலம் அரை மில்லிமீட்டர் கசிந்திருந்தது. எழுத்து மைகளைத்தான் சோதித்தேன், கோடு போட்ட மையைச் சோதிக்கவில்லை. கோடுகளும் நீரில் கரையும் சாயத்தால் போடப்பட்டவை. அன்றோடு கருவிகளை வைத்துவிட்டேன். மறுநாள் முதல் ஒவ்வொரு நாடாவையும் முதலில் ஒரு பழைய செயேஸ் தாளில் ஒற்றிப் பார்த்தபின்னரே மூலத்தில் வைத்தேன். கசிவின் புகைப்படத்தையும் காரணத்தையும் அறிக்கையில் சேர்த்து அம்மையாரிடம் காட்டினேன்.

கீற்றுகளை மறுபடி பக்கம் பக்கமாக ஒட்டவில்லை. ஒவ்வொன்றும் தனித்தனியே கைமாறியது, தனியாகவே இருக்கட்டும். அமிலமற்ற அட்டையில் ஆறு மில்லிமீட்டர் ஆழத்துக்கு நான்கு பள்ளங்கள் அமைத்து, கீற்றுகள் மடிப்பு மேடுகளோடு நெகிழ்வாகக் கிடக்கும்படி மூடியுள்ள பெட்டி ஒன்று செய்தேன். சுவரில் மாட்டும் எண்ணத்தை அம்மையாரே கைவிட்டார். ஊதாச் சாயம் வெளிச்சத்தில் வெளுக்கும் என்று ஒரு பழைய பள்ளிப் பயிற்சித்தாளைக் காட்டினேன். சட்டத்தின் விளிம்புக்கு அடியில் இருந்த எழுத்து ஊதாவாகவும், வெளியே இருந்தது சாம்பலாகவும் இருந்தது. காட்சிக்கு வைக்க நேர்ந்தால் 50 லக்ஸுக்கு மிகாத ஒளியில் சில வாரங்கள் மட்டுமே வைக்கலாம் என்று பெட்டியின் உள்மூடியில் எழுதியிருக்கிறேன்.

கையில் எடுத்துப் பார்க்க ஒரு படி வேண்டும் என்று கேட்டார். மூலத்தின் இரு பக்கங்களையும் உண்மை அளவில் படமெடுத்து, புதிய செயேஸ் தாளில் இருபுறமும் அச்சிட்டு, அதே இடங்களில் வெட்டினேன். மடிக்காமல் கொடுத்தேன். பட்டறை மேசையில் அமர்ந்து முதல் கீற்றை அவர் மேலிருந்து பின்பக்கமாக மடிக்கத் தொடங்கினார். இரண்டாவது மடிப்பில் நிறுத்தி, லேசாக விரித்து, இடுக்கில் எட்டிப் பார்த்தார். 'சன்னல்' என்ற சொல்லின் கூரைக்குறிக்கு நேர் எதிரே, மூன்றாம் கட்டத்தின் முதுகில், அதன் ஊதாத் தடம் இருந்தது.